பல்கலைக் கழகமும் குப்பைக் குழியும்

பல்கலைக் கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் ஆசிரியர்களைப் பற்றி எழுதுவர். நூல் நிலையத்தைப் பற்றி எழுதுவர். பொருள் வழங்கிய மன்னரையும் செல்வரையும் பற்றி எழுதுவர். அங்கே ஆயிரக் கணக்கானோர் உண்டார்கள், உடுத்தார்கள், குளித்தார்கள் என்பதை நினைப்பவர் மிகச் சிலரே. உண்ட இடத்தில் எச்சில் சேரும். உடுத்த ஆடை கிழியும். குளித்த நீர் எங்கேனும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பலர் ஓரிடத்தில் கூடி வாழ்ந்து கற்கத் தொடங்கிய அன்றே, கற்றவர் கழித்தவற்றை என்ன செய்வது என்ற கேள்வியும் பிறந்துவிட்டது.

இக்கேள்வியை மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம். கழிப்பதற்கு உரியது எது? அது போய்ச் சேரும் இடம் எது? அதை எடுத்துச் செல்லும் கை யாருடைய கை? இந்த மூன்றுக்கும் நம் நாட்டுக் கல்வி நிலையங்கள் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளை அளித்திருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை, பழைய நாலந்தாவிலிருந்து தொடங்கி, இங்கே ஆராய்வோம்.

நாலந்தா மகாவிகாரம் இன்றைய பீகார் மாநிலத்தில், இராஜகிருகத்துக்கு அண்மையில் இருந்தது. குப்த மன்னர் காலத்தில், கி. பி. ஐந்தாம் நூற்றாண்டில், தோன்றிப் பல நூற்றாண்டுகள் புகழுடன் விளங்கிற்று. அதைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள செய்திகளுள் பல, சீன நாட்டிலிருந்து வந்த துறவிகள் எழுதி வைத்தவை. யுவான் சுவாங் என்பவர் பெயரை நாம் எல்லோரும் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். அவருக்குப் பின்னர், 673-ம் ஆண்டில் இந்தியாவை அடைந்த இத்சிங் என்ற துறவி நாலந்தாவில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தங்கிக் கற்றார். அங்கே மூவாயிரத்துக்கு மேற்பட்ட துறவிகள் வாழ்ந்தனர் என்றும், இருநூறுக்கு மேற்பட்ட கிராமங்கள் அந்த விகாரத்துக்கு மானியமாக இருந்தன என்றும் அவர் குறித்துள்ளார்.

இத்சிங் தம் நூலை ஸ்ரீவிஜயத்தில் இருந்துகொண்டு எழுதி, 692-ம் ஆண்டில் தாய்நாட்டுக்கு அனுப்பினார். தம் நாட்டுத் துறவியரின் பழக்கவழக்கங்களைத் திருத்துவதே அவர் கொண்ட நோக்கம். ஆகவே, தத்துவ விசாரங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, கை கழுவுவது எப்படி, உண்பது எப்படி, எச்சிலை என்ன செய்வது, தண்ணீரை எவ்வாறு வடிகட்டுவது என்பன போன்ற சிறு செய்திகளை அவர் அத்தியாயம் அத்தியாயமாக விவரிக்கின்றார். நம் பொருளுக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைப்பது அரிது.

அவர் கூறுவன சில. குடிப்பதற்குரிய தூய நீருக்கு ஒரு கலம், கழுவுவதற்குரிய நீருக்கு வேறொரு கலம் என இரண்டை ஒவ்வொரு துறவியும் வைத்திருந்தார். கிணற்று நீரையும் குளத்து நீரையும் நாள்தோறும் சோதித்து, மெல்லிய துணியால் வடிகட்டி, அதில் அகப்பட்ட சிற்றுயிர்களை மீண்டும் நீரிலேயே விட்டனர். ஒருமுறை உண்ணப் பயன்பட்ட மண்கலத்தை மறுமுறை பயன்படுத்தாமல் குழியில் எறிந்தனர். செம்புக் கலமாயின் தேய்த்துக் கழுவி மீண்டும் கொண்டனர். பல் துலக்கிய குச்சியை எறிவதற்கும் ஒரு முறை இருந்தது. ஒதுக்குப்புறத்தில் எறிய வேண்டும். எறியுமுன் விரலைச் சொடுக்கியோ இருமியோ ஓசை செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாமல் எறிவது குற்றமாகக் கருதப்பட்டது. ஒரு பல்குச்சியைக் கூட, சுற்றிலும் உயிர்கள் உள்ளன என்ற நினைவு இல்லாமல் எறியலாகாது என்று வகுத்த கல்விக்கூடம் அது.

இவ்வொழுக்கங்களுக்கு வேர் புத்த சங்கத்தின் விநய நூல்களில் உள்ளது. பாலி மொழி விநய நூலில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகின்றது. கோசாம்பி நகரத்து உதயண மன்னனுடைய அரசியர், புத்தரின் மாணவரான ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கினராம். ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, இவர் துணிக்கடை வைக்கப் போகிறாரா என்ற ஐயம் மன்னனுக்கு எழுந்தது. அவன் நேரே சென்று கேட்டான். ஆடை நைந்த துறவியருக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அப்படியானால் அவர்களுடைய பழைய ஆடைகளை என்ன செய்வீர் என்றான் மன்னன். படுக்கையின் மேல் விரிப்பாகக் கொள்வோம் என்றார். பழைய விரிப்பை? மெத்தையுறை ஆக்குவோம். பழைய மெத்தையுறையை? தரையில் விரிப்போம். பழைய தரைவிரிப்பை? கால் துடைக்கக் கொள்வோம். அதுவும் பழையதானால்? தூசி தட்டும் துணியாகும். அத்துணியும் நைந்து போனால்? துண்டு துண்டாக்கிச் சேற்றுடன் பிசைந்து தரை பூசுவோம் என்று முடித்தார் ஆனந்தர். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடை வழங்கினான் என்பது கதை.

இன்று அரசாங்க அறிக்கைகளை மொழிபெயர்க்கும் எங்களுக்கு 'மறுசுழற்சி' என்பது நாள்தோறும் கைக்கு வரும் சொல். அச்சொல் புதியது, கருத்து மிகப் பழையது. மேலும், ஆனந்தர் சொன்னது ஒரு சுழற்சி கூட அன்று. ஓர் இறங்குமுகமான படிவரிசை. மேனியில் இருந்த துணி கட்டிலுக்கும், கட்டிலில் இருந்தது தரைக்கும், தரையில் இருந்தது சுவரும் தளமுமாக நிற்கும் மண்ணுக்கும் இறங்கி வருகின்றது. எந்தப் படியிலும் அதற்குக் 'குப்பை' என்ற பெயர் இல்லை. கழிப்பதற்கு உரியது எது என்ற முதற் கேள்விக்கு, எளிதில் எதையும் கழித்துவிடாதே என்பதே அவர்கள் அளித்த விடை.

இரண்டாம் கேள்விக்கு நாலந்தாவின் செங்கற்களே விடை கூறுகின்றன. 1915-ம் ஆண்டில் தொடங்கித் தொல்பொருள் துறையினர் அங்கே நடத்திய அகழாய்வில், வரிசை வரிசையாக விகாரங்கள் வெளிப்பட்டன. நடுவில் முற்றம், சுற்றிலும் சிற்றறைகள், முற்றத்தில் கிணறு, நீர் வெளியேறுவதற்குச் செங்கல் கட்டிய வடிகால் என்பதே பெரும்பாலும் அவற்றின் அமைப்பு. ஒரு கட்டடம் சிதைந்தபோது அதன் எச்சத்தை முழுதும் அகற்றாமல், அதன் மேலேயே புதிய தளம் எழுப்பியிருக்கின்றனர். முதலாம் எண்ணுள்ள விகாரத்தில் இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது படிவங்கள் காணப்பட்டன. ஆடைக்குச் சொன்ன நீதி கட்டடத்துக்கும் பொருந்திற்று என்று கொள்ளலாம்.

மூன்றாம் கேள்வி எஞ்சி நிற்கின்றது: யாருடைய கை? இதற்கும் விநய நூல் கூச்சமின்றி விடை கூறுகின்றது. ஆசிரியருடைய அறையைக் கூட்டுவது மாணவன் கடமை. நீர் நிரப்புவது அவன் கடமை. மலக்கூடம் அழுக்காக இருந்தால் அதையும் கூட்டித் தூய்மை செய்வது அவன் கடமை. மாணவன் விடியலில் எழுந்து ஆசிரியருக்குப் பல்குச்சியும் நீரும் கொடுத்து, ஆடையை மடித்து வைத்து, அறையையும் முற்றத்தையும் பெருக்குவதை இத்சிங்கும் விவரிக்கின்றார். தருக்கமும் இலக்கணமும் கற்றவன் கையில் துடைப்பமும் இருந்தது.

எனினும், விகாரத்தின் மதிலுக்கு வெளியே நிலைமை வேறு. இத்சிங்குக்கு முன், ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பாஹியான் ஒரு துயரச் செய்தியைக் குறித்து வைத்துள்ளார். சண்டாளர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே வாழ்ந்தனர். நகரத்துக்குள்ளோ கடைவீதிக்குள்ளோ வரும்போது ஒரு கட்டையைத் தட்டி ஓசை செய்துகொண்டு வந்தனர். அவ்வோசை கேட்டு மற்றவர் விலகிச் சென்றனர் என்கிறார் அவர். பல்குச்சியை எறியுமுன் ஓசை செய்த நாட்டிலேயே, மனிதன் நடக்கும்போதும் ஓசை செய்ய வேண்டியிருந்தது. முன்னது பிற உயிரிடம் கொண்ட பரிவு. பின்னது மனிதனிடம் கொண்ட வெறுப்பு. கழிவை அகற்றும் தொழிலை ஒரு பிறப்பின் மேல் சுமத்தும் வழக்கம் மதிலுக்கு வெளியே வேரூன்றி வளர்ந்தது. விகாரங்கள் அழிந்தன, அவ்வழக்கம் அழியவில்லை.

இனிப் பல நூற்றாண்டுகளைக் கடந்து வருவோம். 1857-ம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஆங்கில முறைப் பல்கலைக் கழகங்கள் நிறுவப்பட்டன. கல்லூரிகள் பெருகின, மாணவர் விடுதிகள் எழுந்தன. புதிய கல்வி வந்தது. ஆனால் கழிவை அகற்றும் முறை பழையதாகவே இருந்தது. பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் எடுப்புக் கக்கூஸ்தான். பின்புறச் சந்தில் ஒரு சிறு திறப்பு. அதன் வழியே ஒருவரோ ஒருத்தியோ வந்து வாளியை எடுத்துச் செல்வர். அவர் முகத்தை விடுதி மாணவன் பார்த்திருக்கவே மாட்டான். மாணவனின் கடமையாக ஒரு காலத்தில் எழுதப்பட்ட பணி, மாணவன் கண்ணுக்கே தெரியாத பணியாக மாறிவிட்டது.

இந்த மாற்றத்தின் முழு அளவையும் 1901-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கல்கத்தா நகரத்து ரிப்பன் கல்லூரியில் காணலாம். பிற்காலத்தில் சுரேந்திரநாத் கல்லூரி எனப் பெயர் மாறிய கல்லூரி அது. அவ்வாண்டுக் காங்கிரஸ் மகாசபைக்கு வந்த பிரதிநிதிகள் பலர் அங்கே தங்கவைக்கப்பட்டனர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ஓர் இளம் வழக்கறிஞரும் அவர்களுள் ஒருவர். அவரே மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அங்கே தாம் கண்டவற்றை அவர் தமது சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார்.

எங்கு நோக்கினும் தேங்கிய தண்ணீர். கழிப்பிடங்களோ மிகச் சில. அவற்றின் நாற்றம் பல ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நினைவை வருத்திற்று. தொண்டர்களிடம் சுட்டிக் காட்டினார். அது எங்கள் வேலை அன்று, அதற்குரியவர் செய்ய வேண்டிய வேலை என்று அவர்கள் கூறிவிட்டனர். காந்தியடிகள் ஒரு விளக்குமாறு கேட்டார். கேட்கப்பட்டவர் வியப்புடன் அவரை உற்றுப் பார்த்தார். எப்படியோ ஒன்றைத் தேடி எடுத்து, தாம் பயன்படுத்திய கழிப்பிடத்தைத் தாமே தூய்மை செய்தார். எல்லாவற்றையும் ஒருவரே தூய்மை செய்வது இயலாத காரியம். சில பிரதிநிதிகள் இரவில் தம் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தையே அசுத்தம் செய்தனர். காலையில் அதைக் கழுவவும் காந்தியடிகளைத் தவிர வேறு எவரும் முன்வரவில்லை. நாட்டின் சிறந்த கல்விமான்கள் கூடியிருந்த இடம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழர்களாகிய நாம் சற்று நின்று கேட்க வேண்டிய செய்தி ஒன்றும் அங்கே உண்டு. தமிழ்நாட்டுப் பிரதிநிதிகளுக்கெனக் கல்லூரி வளாகத்தில் தனிச் சமையற்கூடம் ஒன்று அமைக்கப்பட்டது. பிறர் பார்வை பட்டாலே உணவு தீட்டாகிவிடும் என அவர்கள் கருதியதால், அதைச் சுற்றிலும் தட்டி கட்டி மறைத்திருந்தனர். சமைப்பதும் உண்பதும் கை கழுவுவதும் அதற்குள்ளேயே. மூச்சுத் திணறும் புகை. வெளியேற வழியில்லாத அடைப்பு. தூய்மை என்ற பெயரால் தம்மைத் தாமே புகையில் அடைத்துக் கொண்டவர்கள் உள்ளே. அழுக்கைத் தொடுவதற்கு ஆளில்லாத தாழ்வாரம் வெளியே. இவ்விரண்டும் ஒரே நோயின் இரு குறிகள். தீட்டு என்பது நெஞ்சில் குடிகொண்ட பின், துப்புரவு என்பது கைக்கு எட்டாமற் போய்விடுகின்றது.

பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1915-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் நாள் காந்தியடிகள் வங்காளத்தின் மற்றொரு கல்விக்கூடத்துக்கு வந்தார். கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1901-ம் ஆண்டில் நிறுவிய சாந்திநிகேதனப் பள்ளி அது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய பீனிக்ஸ் ஆசிரமத்துப் பிள்ளைகள், மகன்லால் காந்தியின் மேற்பார்வையில், முன்னரே அங்கு வந்து தங்கியிருந்தனர். தம் வேலையைத் தாமே செய்துகொள்வது அவர்களுக்குப் பழகிப்போன வழக்கம். கோகலே காலமான செய்தி கேட்டுப் பூனாவுக்குச் சென்ற காந்தியடிகள், மார்ச்சு மாதத்தில் சாந்திநிகேதனத்துக்குத் திரும்பி வந்தார்.

அப்போது அவர் ஆசிரியர்கள் முன் ஒரு யோசனையை வைத்தார். சம்பளச் சமையற்காரர்களை நிறுத்திவிட்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் தாமே சமைத்து, தாமே பாத்திரம் தேய்த்து, தாமே இடத்தைத் தூய்மை செய்துகொண்டால் என்ன? ஆசிரியர்களுள் ஓரிருவர் தலையை அசைத்து ஐயுற்றனர். சிலர் உவந்து ஏற்றனர். புதுமையில் விருப்பமுள்ள மாணவர்கள் ஆரவாரத்துடன் இசைந்தனர். ஆசிரியர்களுக்குச் சம்மதமானால் தமக்கும் சம்மதமே என்றார் கவியரசர். சுயராஜ்யத்தின் திறவுகோல் இதில் அடங்கியிருக்கிறது என்றும் மாணவர்களிடம் கூறினார்.

மார்ச்சு 10-ம் நாள் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 125 மாணவர்கள். ஒரு குழு காய்கறி நறுக்கிற்று; ஒரு குழு தானியத்தைப் புடைத்தது; சமையற்கூடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் தூய்மை செய்யும் பொறுப்பைச் சில ஆசிரியர்கள் ஏற்றனர். அவர்கள் மண்வெட்டியும் கையுமாக நின்ற காட்சி தமக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது என்கிறார் காந்தியடிகள். ஆங்கிலேயரான பியர்ஸன் பெரிய பாத்திரங்களைத் தேய்க்கும் கடின வேலையைத் தாமே எடுத்துக் கொண்டார். பாத்திரம் தேய்க்கும் குழுவினருக்குக் களைப்புத் தெரியாதிருக்க, மாணவர் சிலர் அருகில் அமர்ந்து சிதார் வாசித்தனராம். கரி படிந்த அண்டாவும் சிதார் இசையும் ஓரிடத்தில் சேர்ந்த காட்சியை வேறு எந்தப் பல்கலைக் கழக வரலாற்றில் காண முடியும்?

ஆனால் வரலாறு இன்பக் கதை மட்டும் கூறுவதன்று. மாணவர் சிலர் விரைவில் சோர்ந்தனர். நாள்தோறும் விவாதங்கள் நிகழ்ந்தன. காந்தியடிகள் சென்ற சிறிது காலத்துக்குப் பின் அந்த முயற்சி கைவிடப்பட்டது; பழைய வேலையாட்கள் மீண்டும் வந்தனர். எஞ்சியது ஒரு நினைவு நாள். ஆண்டுதோறும் மார்ச்சு 10-ம் நாளை அங்கே 'காந்தி புண்ணியாகம்' எனக் கொண்டாடும் வழக்கம் ஏற்பட்டது. அன்று சமையலாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஓய்வு. ஆசிரியர்களும் மாணவர்களுமே அப்பணிகளைச் செய்வர். அழகிய வழக்கந்தான். எனினும், ஆண்டில் ஒரு நாள் நாம் செய்தால் அது புண்ணியம், மற்ற நாட்களில் வேறொருவர் செய்தால் அது வேலை என்ற வேறுபாடு அதில் ஒளிந்திருப்பதை நாம் காணாமல் இருக்க முடியாது.

அம்முயற்சி ஏன் நிலைக்கவில்லை? மன உறுதி குறைந்தது என்று மட்டும் சொல்வது பொருந்தாது. கழுவுதலும் பெருக்குதலும் அங்கே ஒழுக்கப் பயிற்சியாக இருந்தன. ஆனால் பாடத்துடன் பிணைக்கப்படவில்லை. அள்ளிய குப்பை எங்கே போகிறது, அதனால் விளைவது என்ன என்பதை மாணவன் கற்கவில்லை. பயன் தெரியாத உழைப்பு நாளடைவில் சலிப்பைத் தரும். இக்குறையை நீக்கும் வாய்ப்பு ஏழு ஆண்டுகளுக்குப் பின், அதே நிறுவனத்தின் மறு பகுதியில் வந்தது.

1921-ம் ஆண்டு டிசம்பரில் சாந்திநிகேதனம் விசுவபாரதி என்னும் பல்கலைக் கழகமாக முறைப்படி தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 6-ம் நாள், அண்மையிலுள்ள சுருல் என்ற சிற்றூரில் அதன் கிராமச் சீரமைப்பு நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் ஸ்ரீநிகேதனம் எனப் பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் தலைவர் லெனார்டு எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கில இளைஞர். அமெரிக்காவிலுள்ள கார்னெல் பல்கலைக் கழகத்தில் வேளாண்மை கற்றவர். கவியரசரின் மைந்தர் இரதீந்திரநாதரும், காளிமோகன் கோஷ், சந்தோஷ் மஜும்தார் ஆகியோரும் அவருக்குத் துணை நின்றனர். சாந்திநிகேதனத்திலிருந்து ஒரு சிறு மாணவர் குழு உடன் வந்தது.

அக்குழு சமையலையும் துப்புரவையும் தன் கையிலேயே வைத்துக் கொண்டது. கழிப்பிடத்துக்கெனத் தனி ஆள் இல்லை. மாணவர்கள் தோட்டத்தில் நீண்ட பள்ளம் வெட்டி, மலத்தை அதில் இட்டு, மண்ணால் மூடினர். மண் தன் வேலையைச் செய்தது. உரிய காலம் சென்றபின் அந்நிலத்தில் காய்கறி பயிரிட்டனர். சாந்திநிகேதனத்தில் தனித்தனியாக நின்ற இரண்டாம் கேள்வியும் மூன்றாம் கேள்வியும் இங்கே ஒன்றாகச் சேர்ந்தன. எடுத்துச் செல்லும் கை மாணவனுடையது; போய்ச் சேரும் இடம் மாணவன் உழும் நிலம். அருவருப்புக்கு உரியது அறிவுக்கு உரியதாக மாறிற்று. பயிர் வளர்வதைக் கண்ட மாணவனுக்கு, பள்ளம் வெட்டியது தண்டனையாகத் தோன்றியிருக்க முடியாது.

இதன் உட்பொருளை எல்ம்ஹர்ஸ்ட் அவ்வாண்டிலேயே கல்கத்தாவில் நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் விரித்துரைத்தார். மண்ணைக் கொள்ளையடித்தல் என்பது அதன் தலைப்பு. தலைமை வகித்தவர் கவியரசர். கிராமத்து மண்ணின் சத்து நெல்லாகவும் காயாகவும் நகரத்துக்குச் செல்கின்றது. நகரம் உண்டு கழித்ததோ ஆற்றிலும் கடலிலும் கலந்து போகின்றது. மண்ணுக்குத் திரும்புவது ஒன்றுமில்லை. இவ்வாறு எடுத்துக்கொண்டே இருந்து திருப்பித் தராமல் இருப்பது களவு என்பதே அவர் வாதம். இதைக் கல்விக்கும் பொருத்திப் பார்க்கலாம். கிராமத்துப் பிள்ளை நகரத்துக் கல்லூரிக்கு வருகிறான், கற்கிறான், திரும்புவதில்லை. மண்ணின் சத்தும் மக்களின் சத்தும் ஒரே வழியிற் சென்று மறைகின்றன. ஸ்ரீநிகேதனம் இவ்விரு களவையும் ஒருங்கே தடுக்க எண்ணிற்று.

அதே காலத்தில் விஞ்ஞானிகளும் இத்துறையில் இறங்கினர். இந்தூரில் பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக 1924 முதல் 1931 வரை இருந்த ஆல்பர்ட் ஹோவர்டு என்பவர், நம் நாட்டு உழவரின் எருக்குழியையும் சீன நாட்டு உழவரின் முறையையும் கூர்ந்து நோக்கினார். செத்தை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காத்து, அவ்வப்போது கிளறிவிட்டால், ஏறத்தாழ மூன்று மாதத்தில் நல்ல மக்கு எரு கிடைக்கும் என்று காட்டினார். 'இந்தூர் முறை' என உலகெங்கும் பெயர் பெற்றது அது. யசுவந்த் வாட் என்ற இந்திய விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் 1931-ம் ஆண்டில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார்.

பின்னர், பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சாரியா என்பவர் 1939-ம் ஆண்டில் வேறொரு முறையை உருவாக்கினார். நகரத்துக் குப்பையை ஓர் அடுக்கு, மலத்தை ஓர் அடுக்கு என மாற்றி மாற்றிக் குழியில் இட்டு, மேலே மண் பூசி மூடிவிடுவது அம்முறை. உள்ளே எழும் வெப்பத்தால் நோய்க் கிருமிகள் மடியும், ஈ மொய்க்காது, நாற்றம் வெளிவராது, இடையில் கிளறவேண்டிய தேவையும் இல்லை. சில மாதங்களில் எரு தயார். 'பெங்களூர் முறை' என்ற பெயரால் இதை நகரசபைகள் பல மேற்கொண்டன. கல்வி நிலையம் ஒன்று நாட்டின் குப்பைக்கு வழி கண்ட பெருமை இதற்கு உண்டு.

கழிவு போய்ச் சேருமிடம் எது என்ற கேள்விக்கு விஞ்ஞானம் இவ்வாறு தெளிவான விடை தந்தது. ஆனால் குழி வரையில் அதைச் சுமந்து வந்தவரைப் பற்றி அந்த விடை பேசவில்லை. கூடையும் வாளியும் பழைய தலைகளிலேயே இருந்தன. நாடு விடுதலை பெற்றது. 1950-ம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அதற்குப் பின்னும், மனிதர் மலத்தை மனிதர் கையால் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடை செய்யத் தனிச் சட்டம் இயற்ற 1993-ம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. அதுவும் போதாமல், 2013-ம் ஆண்டில் மேலும் விரிவான சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. சாக்கடைக் குழிகளில் இறங்கி உயிர் துறந்தோரின் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என 2014-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-ம் ஆண்டில் அத்தொகையை முப்பது லட்சமாக உயர்த்திற்று. இழப்பீட்டை உயர்த்த வேண்டியிருந்தது என்பதே, அத்தகைய மரணங்கள் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டும்.

இக்காலப் பல்கலைக் கழக வளாகம் ஒரு சிறு நகரத்துக்கு ஒப்பானது. விடுதிச் சமையற்கூடங்களின் சோறும் காய்த்தோலும் ஒருபுறம். தேர்வுத்தாளும் அட்டைப்பெட்டியும் ஒருபுறம். ஆய்வுக்கூடத்து இரசாயனங்கள் ஒருபுறம். பழுதான கணிப்பொறிகள் மற்றொருபுறம். ஆனந்தர் காலத்தில் இல்லாத பிளாஸ்டிக் எங்கும். 2016-ம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்வி நிலையங்கள் போன்றவற்றுக்குத் தனிப் பொறுப்பு வகுத்தன. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் சேரும் இடத்திலேயே பிரிக்க வேண்டும். மக்குவதை இயன்ற வரை வளாகத்துக்குள்ளேயே எருவாகவோ எரிவாயுவாகவோ ஆக்க வேண்டும் என்பன அவ்விதிகளின் சாரம். 2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இராஜகிருகத்தில் திறந்துவைக்கப்பட்ட புதிய நாலந்தாப் பல்கலைக் கழக வளாகம், பயன்படுத்திய நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிலையத்துடன் அமைக்கப்பட்டது.

இவை யாவும் வரவேற்கத்தக்கனவே. ஆயினும் விதியும் இயந்திரமும் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டுமே விடையளிக்க வல்லவை. பச்சைத் தொட்டியையும் நீலத் தொட்டியையும் அருகருகே வைத்துவிடலாம். இரண்டிலும் எல்லாவற்றையும் கலந்து போட்டுவிட்டு மாணவன் வகுப்புக்குச் சென்றுவிட்டால், பின்னால் ஒருவர் வந்து, குனிந்து, கையை உள்ளே விட்டுப் பிரித்தாக வேண்டும். ஊசியும் உடைந்த கண்ணாடியும் அந்தக் கையைத்தான் குத்தும். சுற்றுச் சூழலைப் பற்றிய பாடம் மேலே நடந்துகொண்டிருக்க, அந்தக் கை கீழே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ரிப்பன் கல்லூரியின் தொண்டர்கள் அன்று வாய் திறந்து சொன்னதை, நாம் இன்று வாய் திறவாமல் சொல்கின்றோம், அவ்வளவே வேறுபாடு.

நம் வரலாறு இதற்கு மாற்று வழியையும் காட்டியிருக்கின்றது. கழிப்பிடத்தைக் கூட்டுவதை மாணவனின் கடமைகளுள் ஒன்றாக விநய நூல் எழுதி வைத்தது. கற்பவன் கை அழுக்குப் படுவதில் இழிவு இல்லை என்று சாந்திநிகேதனத்துச் சிதார் ஒலித்தது. அழுக்கு எருவாகி, எரு பயிராகும் வரை உடன் நின்று கற்றலே கல்வி என்று சுருல் கிராமத்துத் தோட்டம் காட்டிற்று. நிரந்தரமாகத் துப்புரவுப் பணியாளர்களே வேண்டாம் என்பது இதன் கருத்தன்று. அவர்களுக்கு நல்ல ஊதியமும், கையுறையும், இயந்திரமும், எல்லாவற்றுக்கும் மேலாக மதிப்பும் வேண்டும். அம்மதிப்பு சொற்பொழிவால் வருவதில்லை. தன் எச்சிலைத் தானே பிரித்து, தன் அறையைத் தானே பெருக்கி, தன் விடுதியின் எருக்குழியை முறை வைத்துக் கிளறிய மாணவனுக்கு அது தானே வரும்.

குப்பை உயரும், கோபுரம் தாழும் என்பது நம் பழமொழி. காலத்தின் மாறுதலைக் குறிக்க அதைச் சொல்வதுண்டு. கல்வி நிலையத்துக்கு அதை வேறு விதமாகவும் பொருள் கொள்ளலாம். குப்பையைக் கவனியாத கல்விக்கூடத்தில் கோபுரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது தாழ்ந்ததே. ஆதலின், ஒரு பல்கலைக் கழகத்தைக் காணச் செல்வோர் அதன் பட்டமளிப்பு மண்டபத்தைப் பார்த்த பின், விடுதியின் பின்புறத்தையும் ஒருமுறை சென்று பார்ப்பது நன்று. அங்கே யார் குனிந்து நிற்கிறார் என்பதைக் கொண்டு, உள்ளே கற்பிக்கப்படுவது யாது என்பதை ஒருவாறு அறிந்துகொள்ளலாம்.